மைக்கேல் பிராட்லி: அமெரிக்க நடுக்கள வீரரின் கால்பந்து வாழ்க்கை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைக்கேல் பிராட்லி யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1987 ஜூலை 31 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்டனில் பிறந்தவர். அப்போது அவருடைய தந்தை பாப் பிராட்லி பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர். மைக்கேல் 2004 முதல் 2023 வரை தொழில்முறைக் கால்பந்து ஆடினார். நியூயார்க் மெட்ரோஸ்டார்ஸ், நெதர்லாந்தின் ஹேரன்வேன், ஜெர்மனியின் போருசியா மொன்சென்கிளாட்பாக், இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா, இத்தாலியின் கியேவோ, ரோமா, கடைசியாகக் கனடாவின் டொராண்டோ எஃப்.சி. என ஏழு கிளப்புகள். அமெரிக்க தேசிய அணிக்கு 151 ஆட்டங்கள், 17 கோல்கள். கோபி ஜோன்ஸ் (164), லாண்டன் டோனவன் (157) ஆகிய இருவர் மட்டுமே அந்த அணிக்காக அவரைவிட அதிக ஆட்டங்கள் ஆடியிருக்கிறார்கள்.

கல்லூரிக்குப் போகாமலே 16 வயதில் எப்படித் தொழில்முறை வீரர் ஆனார்?

அந்தக் காலத்து அமெரிக்க வழக்கம் வேறு. பள்ளி முடித்ததும் பல்கலைக்கழக அணியில் மூன்று, நான்கு ஆண்டுகள் ஆடி, 21 அல்லது 22 வயதில் அமெரிக்க, கனடியக் கிளப்புகள் ஆடும் எம்.எல்.எஸ். லீக்கின் டிராஃப்டுக்கு வருவார்கள். டிராஃப்ட் என்பது கிளப்புகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள். பல்கலைக்கழக ஆட்டப் பருவமோ இலையுதிர் காலத்தில் சில மாதங்களில் முடிந்துவிடும். ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் அதே வயதுக்காரர்கள் ஆண்டுக்குப் பத்து மாதம் ஆடிக்கொண்டிருப்பார்கள். நடுக்கள வீரருக்கு இந்த இடைவெளி பெரிய நட்டம். வேகத்தை உடற்பயிற்சியில் வளர்த்துக்கொள்ளலாம். பந்து வருமுன் என்ன செய்வது என்று முடிவெடுக்கும் பழக்கம் ஆட்டத்தில்தான் வரும்.

பிராட்லி இந்த வரிசையைத் தாண்டிப் போனார். பதின்ம வயதில் ஃபுளோரிடாவின் பிராடென்டனில் நடந்த தேசிய 17 வயதுக்குட்பட்டோர் உறைவிடப் பயிற்சித் திட்டத்தில் இருந்தார். அங்கிருந்து நேராக 2004 டிராஃப்டுக்கு வந்தார். மெட்ரோஸ்டார்ஸ் அவரை 36ஆவது ஆளாக எடுத்தது. அதே டிராஃப்டில் முதல் இடத்தில் போனவர் 14 வயது ஃப்ரெடி அடு. எட்டாவது இடத்தில் ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் ஆடிவந்த கிளின்ட் டெம்ப்சி. டிராஃப்ட் வரிசை ஒருவருடைய எதிர்காலத்தை எவ்வளவு மோசமாகக் கணிக்கும் என்பதற்கு இந்த மூன்று பெயர்களே போதும்.

முதல் ஆண்டு முழுவதும் பாதக் காயத்தால் வீணானது. 2005இல் 30 லீக் ஆட்டங்கள், ஒரு கோல்.

18 வயதில் ஏன் நெதர்லாந்துக்குப் போனார்?

இரண்டு காரணங்கள். முதலாவது விதி. ஃபிஃபா விதிப்படி 18 வயது நிரம்பாதவரை, குறிப்பிட்ட சில விலக்குகள் தவிர, வேறொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்ற முடியாது. 2005 ஜூலையில் அவருக்கு 18 முடிந்தது. மெட்ரோஸ்டார்ஸ் பருவம் அந்த இலையுதிர் காலத்தில் முடிந்தது. ஐரோப்பாவில் வீரர்கள் கிளப் மாற அனுமதிக்கப்படும் அடுத்த காலம் (மாற்றுச் சாளரம்) 2006 ஜனவரி. அதிலேயே போய்விட்டார். அதுவரை எம்.எல்.எஸ்.ஸிலிருந்து விற்கப்பட்டவர்களில் மிக இளையவர் அவர்தான்.

இரண்டாவது, ஆடக் கிடைக்கும் நேரம். நெதர்லாந்து லீக்கில் நடுத்தரக் கிளப்புகள் இளைஞர்களை வளர்த்து விற்றுத்தான் பிழைக்கின்றன. 19 வயதுக்காரர் ஐந்து ஆட்டத்தில் சொதப்பினாலும் ஆறாவது ஆட்டத்தில் அவருக்கு இடம் கிடைக்கும். இங்கிலாந்தின் பெரிய கிளப்பில் சேர்ந்திருந்தால் ரிசர்வ் அணியில் இரண்டு ஆண்டுகள் கரைந்திருக்கும். வெளிநாடு போக நினைக்கும் இளம் வீரர்கள் கிளப்பின் பெயரைப் பார்க்கும் முன், அந்த அணியில் அதே இடத்தில் ஆடுகிறவர் யார், அவருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரே பருவத்தில் 16 கோல் அடித்தவர், பிறகு ஏன் அபூர்வமாகவே கோல் அடித்தார்?

இவரைப் பற்றிய கேள்விகளில் இதுதான் முக்கியமானது. பதில் ஒன்றே: அவர் ஆடிய இடம் ஆண்டுக்காண்டு பின்னுக்கு நகர்ந்தது.

2007-08 பருவத்தில் ஹேரன்வேனுக்காக நெதர்லாந்து முதல் பிரிவு லீக்கில் 16 கோல்கள் அடித்தார். அப்போது அவர் மூவர் நடுக்களத்தில் முன்னேறி ஓடுகிறவர், கால்பந்து வழக்கில் ‘எட்டு’. விங்கர் பக்கவாட்டில் பந்தோடு போகும்போது எதிரணியின் தற்காப்பு வரிசை தன் கோலை நோக்கிப் பின்வாங்கும். பெனால்டி பெட்டியின் விளிம்பில் ஒரு வெற்றிடம் திறக்கும். அந்த இடத்துக்கு முன்கூட்டியே போய் நின்றால் ஒருவர் வந்து ஒட்டிக்கொள்வார். தாமதமாக ஓடிவந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பிராட்லியின் அன்றைய ஆயுதம் இந்தத் தாமதம்தான். 2010 உலகக் கோப்பையில் ஸ்லோவேனியாவுக்கு எதிராக 82ஆவது நிமிடத்தில் அடித்த சமன் கோலும் இதே வகை. டோனவன் உயர அனுப்பிய பந்தை ஜோசி ஆல்டிடோர் தலையால் இறக்கிவிட, பின்னாலிருந்து ஓடிவந்த பிராட்லி ஒரே தொடுதலில் உள்ளே தள்ளினார்.

ஜெர்மனியில் இருவர் நடுக்களம். அங்கே ஒருவர் முன்னேறினால் மற்றவர் தங்க வேண்டும். வாய்ப்பு பாதியாகிறது. இத்தாலியில் நடுக்கள மூவரில் ஒருவர், ஆனால் அங்கே பயிற்சியாளர்கள் முதலில் கேட்பது, பந்து பறிபோகும் கணத்தில் நீ எங்கே நிற்கிறாய் என்பதைத்தான். டொராண்டோவில் தற்காப்பு வரிசைக்கு நேர் முன்னால், ‘ஆறு’. அந்த இடத்தில் இருப்பவர் எதிரணிப் பெட்டிக்குள் நுழைந்தால், அணியின் நடுவாசல் திறந்து கிடக்கும்.

ஆகவே கோல் எண்ணிக்கையை வைத்து அவர் தேய்ந்துபோனார் என்று சொல்வது தவறான கணக்கு. அவரை அளக்க வேண்டுமானால், பந்து அவர் காலை விட்டு எங்கே போனது, அடுத்தவருக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்று பார்க்க வேண்டும்.

ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் என்ன நடந்தது?

2008 ஆகஸ்ட் இறுதியில் மொன்சென்கிளாட்பாக் போனார். அணி கீழ்ப்பகுதியில் தத்தளித்துக்கொண்டிருந்தது, இரண்டரைப் பருவங்கள் அங்கே உழைத்தார். 2011 ஜனவரியில் ஆஸ்டன் வில்லாவுக்குக் கடனாகப் போய் மூன்று லீக் ஆட்டங்கள் மட்டுமே ஆடினார். கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படும் அபாயத்தில் இருந்த அணி, பருவத்தின் நடுவில் ஐந்து மாதக் கடன், பரிச்சயமில்லாத லீக். அந்தச் சூழலில் எந்தப் பயிற்சியாளரும் தெரிந்த முகத்தைத்தான் இறக்குவார். ஜனவரிக் கடனில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

இத்தாலி அவரை எப்படி மாற்றியது?

2011-12இல் வெரோனா நகரின் சிறிய கிளப்பான கியேவோ. கையில் அதிகப் பணமில்லாத அணி, ஒழுங்கால் மட்டுமே முதல் பிரிவில் தாக்குப்பிடித்தது. அங்கே அவர் பருவம் முழுதும் தொடர்ந்து ஆடினார். எங்கள் பார்வையில் அவருடைய வாழ்க்கையின் சிறந்த முடிவு இதுதான். நெதர்லாந்தில் ஓடக் கற்றவர், இங்கே நிற்கக் கற்றார்: பந்துக்கும் தன் கோலுக்கும் நடுவே எந்தக் கோணத்தில் நிற்பது, எப்போது பந்தை நோக்கிப் பாயாமல் எதிராளியைத் தாமதப்படுத்துவது, அணியினரின் இடைவெளி விரியாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது.

2012 ஜூலையில் ரோமா வாங்கியது. டேனியல் டி ரோஸி, மிரலெம் பியானிச் போன்றவர்கள் இருந்த நடுக்களம் அது. முதலில் செக் நாட்டவரான ஸ்டெனெக் சேமன், 2013 முதல் பிரான்சின் ருடி கார்சியா பயிற்சியாளர்கள். கார்சியாவின் கீழ் 2013-14 பருவத்தை ரோமா தொடர்ந்து பத்து வெற்றிகளோடு தொடங்கியது. அதில் உதினேசே மைதானத்தில் பத்துப் பேரோடு ஆடி வென்ற ஒன்பதாவது ஆட்டத்தின் ஒரே கோல் பிராட்லியுடையது, 82ஆவது நிமிடம். அந்தப் பருவத் தொடக்கத்தில், தேசிய அணிக்காகக் கோஸ்டா ரிகா போனபோது ஆட்டத்துக்கு முந்தைய வார்ம்-அப்பிலேயே கணுக்கால் திருகி, சில வாரங்கள் வெளியே உட்கார்ந்திருந்தார். கெவின் ஸ்ட்ரூட்மானும் வந்து சேர்ந்த நேரம். நல்ல அணியில் இடத்தைப் பறிகொடுக்கச் சில வாரங்களே போதும்.

தந்தை பயிற்சியாளர் என்பதால்தான் தேசிய அணியில் இடம் கிடைத்ததா?

இந்தக் குற்றச்சாட்டு பல ஆண்டுகள் அவரைத் துரத்தியது. தேதிகளைப் பார்த்தாலே பதில் கிடைக்கும். மெட்ரோஸ்டார்ஸ் டிராஃப்டில் அவரை எடுத்தபோது தந்தைதான் பயிற்சியாளர், அது உண்மை. ஆனால் தேசிய அணியில் அவரை முதலில் இறக்கியவர் புரூஸ் அரீனா, 2006 மே மாதம் வெனிசுவேலாவுக்கு எதிராக. பாப் பிராட்லி பொறுப்பேற்றது அதன் பிறகு. 2011இல் தந்தை நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த யூர்கன் கிளின்ஸ்மான் தொடக்கத்தில் மைக்கேலை ஒதுக்கிவைத்துப் பார்த்தார், பிறகு அவரையே நடுக்களத்தின் அச்சாக்கி, கேப்டன் பட்டையும் கொடுத்தார். மறுபடி அரீனா, இடைக்காலத்தில் டேவ் சராக்கன், அப்புறம் கிரெக் பெர்ஹால்ட்டர் என வந்தவர்கள் எல்லோரும் அவரை ஆடவைத்தார்கள். தந்தையின் தயவில் 151 ஆட்டம் ஆட முடியாது.

இளமையில் சிவப்பு அட்டைப் பிரச்சினை இருந்ததாமே?

இருந்தது, விலையும் கொடுத்தார். வட, மத்திய அமெரிக்க நாடுகள் மோதும் 2007 கோல்டு கோப்பையின் அரையிறுதியில் கனடாவுக்கு எதிராக வெளியேற்றப்பட்டதால், அமெரிக்கா மெக்சிகோவை 2-1 என வென்ற இறுதியில் ஆட முடியவில்லை. 2009 கான்ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் அமெரிக்கா ஸ்பெயினை 2-0 என வீழ்த்தியது. அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் மறுபடி சிவப்பு அட்டை. இறுதியில் பிரேசிலுக்கு எதிராக அமெரிக்கா 2-0 என முன்னிலை பெற்று 3-2 எனத் தோற்றது. முன்னிலையைக் காக்க வேண்டிய இரண்டாம் பாதியில், ஓடி ஓடிப் பந்தை மீட்கும் அந்த ஒருவர் இல்லாதது நன்றாகவே தெரிந்தது.

அட்டைகள் வந்ததற்குக் காரணம் முரட்டுத்தனம் என்பதைவிடத் தாமதம். முன்னேறிவிட்டுத் திரும்பி ஓடிவருகிறவர் பந்தை அரை நொடி பிந்தித் தொடுவார், அதற்குள் எதிராளியின் கால் அங்கே வந்திருக்கும். பின்னால் நிற்கத் தொடங்கிய பிறகு இது குறைந்தது.

2014 உலகக் கோப்பையில் அவர் ஏன் எதிர்பார்த்தபடி ஆடவில்லை?

இதற்குக் கொஞ்சம் பின்னே போக வேண்டும். 2014 ஏப்ரலில் அரிசோனாவில் மெக்சிகோவுடன் நடந்த 2-2 நட்பு ஆட்டத்தில் கிளின்ஸ்மான் நடுக்களத்தை வைர வடிவில் அமைத்தார். கீழ் முனையில் கைல் பெக்கர்மேன், மேல் முனையில் பிராட்லி. முதல் பாதியிலேயே ஒரு கோல் அடித்தார், இன்னொன்றுக்கு வழி செய்தார். அந்த ஒரு பாதியை நம்பி உலகக் கோப்பையிலும் அவரை முன்னால், முன்கள வீரருக்கு நேர் பின்னால் இருக்கும் ‘பத்து’ இடத்தில் ஆடவைத்தார்கள்.

அந்தத் திட்டம் ஆல்டிடோரை நம்பியிருந்தது. முன்வரிசையில் உடல்வலிமையோடு பந்தைப் பிடித்து நிறுத்த ஒருவர் இருந்தால், பின்னாலிருந்து வரும் பிராட்லிக்குப் பந்து முகத்துக்கு நேராக வரும். கானாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் முதல் பாதியின் நடுவிலேயே ஆல்டிடோர் தொடைத்தசைக் காயத்தோடு வெளியேறினார். அதன்பின் டெம்ப்சி ஒற்றை முன்கள வீரர். பிராட்லி கோலுக்கு முதுகு காட்டி, பின்னால் ஒருவர் இடிக்க, பந்தை வாங்க வேண்டியதாயிற்று. அவருடைய பலம் முழு மைதானத்தையும் பார்த்தபடி பந்தை வாங்குவது. முதுகு திருப்பிய பிராட்லி பாதி பிராட்லிதான்.

போர்ச்சுகலுக்கு எதிரான ஆட்டம் இரண்டு காட்சிகளில் அடங்கும். ஒன்று, 0-1 எனப் பின்தங்கியிருந்தபோது காலியான கோலை நோக்கி அவர் அடித்த பந்தை ரிகார்டோ கோஸ்டா கோல்கோட்டில் முழங்காலால் தடுத்தது. இரண்டு, 2-1 என அமெரிக்கா முன்னிலையில் இருக்க, காயத்துக்கான கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் நடுக்களத்தில் அவர் பந்தைப் பறிகொடுத்தது. அது ரொனால்டோவிடம் போய், அவருடைய கிராஸில் வரேலா தலையால் முட்டிச் சமன் செய்தார். ஒரு விநாடி அதிகம் வைத்திருந்ததன் விளைவு. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது எளிது: பந்தை எதிரணியின் மூலைக்கு அடித்துவிட வேண்டும், அல்லது ஃபவுல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதே தொடரின் குழுச் சுற்றில் எல்லா வீரர்களையும்விட அதிகத் தூரம் ஓடியவர் அவர்தான், மூன்று ஆட்டங்களில் சுமார் 38 கி.மீ. பெல்ஜியத்திடம் 2-1 எனத் தோற்ற ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் தற்காப்பு வரிசைக்கு மேலாக அவர் தூக்கிப்போட்ட பந்தைத்தான் ஜூலியன் கிரீன் கோலாக்கினார். அந்த பாஸ் பின்னாலிருந்து, முகம் நேராக இருந்தபோது வந்தது என்பதைக் கவனியுங்கள்.

உடலும் ஒத்துழைக்கவில்லை. 2013 கோடையில் ரோமாவில் தொடங்கிய பருவம், 2014 மார்ச்சில் எம்.எல்.எஸ்., ஜூனில் உலகக் கோப்பை, மறுபடி இலையுதிர் காலம் வரை எம்.எல்.எஸ். எனச் சரியான ஓய்வில்லாமல் நீண்டது. அந்த ஆண்டின் இறுதியில் பாத நரம்புக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார்.

26 வயதில் ரோமாவை விட்டு டொராண்டோ போனது பணத்துக்காகவா?

பணம் பெரிய காரணம், அதை மறைக்கத் தேவையில்லை. 2014 ஜனவரியில் நடந்த மாற்றத்துக்கு ரோமாவுக்குக் கிடைத்தது சுமார் 1 கோடி டாலர் என்றும், அவருடைய ஆண்டுச் சம்பளம் சுமார் 65 லட்சம் டாலர் என்றும் செய்திகள் வந்தன. ஆனால் உலகக் கோப்பை ஆண்டில் பெஞ்சில் உட்காரும் அபாயமும் இருந்தது. அவர் கிளம்பிய அதே மாதத்தில் ரோமா, கலியாரியிலிருந்து ராஜா நைங்கோலானைக் கொண்டுவந்தது.

இவ்வளவு சம்பளத்தை எம்.எல்.எஸ். எப்படி அனுமதித்தது என்பது அடுத்து வரும் சந்தேகம். அந்த லீக்கில் ஒவ்வொரு கிளப்புக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2014இல் அது 31 லட்சம் டாலர், அதாவது பிராட்லி ஒருவரின் சம்பளத்தில் பாதிக்கும் குறைவு. 2007இல் டேவிட் பெக்காமுக்காகக் கொண்டுவந்த ‘டெசிக்னேட்டட் பிளேயர்’ விதிதான் வழி. அப்படி அறிவிக்கப்பட்ட வீரருக்கு எவ்வளவு கொடுத்தாலும் உச்சவரம்புக் கணக்கில் 3,87,500 டாலர் மட்டுமே சேரும். மிச்சம் கிளப் உரிமையாளரின் பையிலிருந்து. ஒரு கிளப்புக்கு அப்படி மூன்று பேர் வரை. அந்த ஆண்டு டொராண்டோவின் மூவர் பிராட்லி, ஜெர்மெய்ன் டெஃபோ, பிரேசிலின் ஜில்பர்ட்டோ.

இந்த விதியில் ஒரு பொறி இருக்கிறது. மூன்று நட்சத்திரங்களுக்குக் கோடிகள் போகும்போது மற்றவர்கள் குறைந்த சம்பளக்காரர்கள். ‘ஆறு’ இடத்தில் ஆடுபவரின் மதிப்பு சுற்றியிருப்பவர்களைப் பொறுத்தது. நல்ல பாஸ் கொடுத்தாலும் வாங்குகிறவர் முதல் தொடுதலில் பந்தை நழுவவிட்டால், பழி பாஸ் கொடுத்தவர் மேல்தான் விழும். 2014இல் டொராண்டோவுக்கு நடந்தது இதுதான். டெஃபோவும் ஒரே ஆண்டில் போய்விட்டார்.

டொராண்டோவில் என்ன சாதித்தார்?

2015இல் செபாஸ்டியன் ஜியோவின்கோவும் ஆல்டிடோரும் வந்தார்கள், பயிற்சியாளர் கிரெக் வானி. பிராட்லி கேப்டன். 2007இல் தொடங்கி லீக் சுற்றுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களை அதுவரை ஒருமுறைகூடப் பார்க்காத கிளப், அந்த ஆண்டு முதல்முறை நுழைந்தது. 2016 எம்.எல்.எஸ். கோப்பை இறுதியாட்டம் சொந்த மைதானமான பி.எம்.ஓ. ஃபீல்டில். சியாட்டில் சவுண்டர்ஸ் 120 நிமிடத்தில் இலக்கை நோக்கி ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை. ஆனாலும் 0-0, பெனால்டியில் 5-4 எனக் கோப்பை சியாட்டிலுக்கு. பிராட்லி அடித்த பெனால்டியை ஸ்டெஃபான் ஃப்ரை தடுத்தார்.

2017இல் கணக்குத் தீர்ந்தது. லீக் சுற்றில் 69 புள்ளிகள், அதுவரை எம்.எல்.எஸ். வரலாற்றில் யாரும் எட்டாதது. கனடியச் சாம்பியன் பட்டம். டிசம்பர் 9 அன்று அதே மைதானத்தில் அதே சியாட்டிலை 2-0 என வென்று எம்.எல்.எஸ். கோப்பை. ஒரே ஆண்டில் இந்த மூன்றையும் வென்ற முதல் அணி அது. அந்த இறுதியில் வானி மூவர் தற்காப்பைக் கைவிட்டு, வைர நடுக்களத்தை இறக்கினார். மேல் முனையில் விக்டர் வாஸ்கெஸ், கீழ் முனையில் பிராட்லி. சியாட்டில் எதிர்த்தாக்குதல் தொடங்க முயன்ற ஒவ்வொரு முறையும் முதல் பாஸ் போய்ச் சேரும் இடத்தில் பிராட்லி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். டொராண்டோவின் முதல் கோல் 67ஆவது நிமிடத்தில்தான் வந்தது, ஆனால் ஆட்டம் அதற்கு வெகு முன்பே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ‘ஆறு’ இடத்தை ஒருவர் எப்படி ஆட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்த ஆட்டத்தைத்தான் காட்ட வேண்டும்.

வட, மத்திய அமெரிக்கக் கிளப்புகள் மோதும் 2018 கான்ககாஃப் சாம்பியன்ஸ் லீக்கில் மெக்சிகோவின் டிக்ரெஸ், ‘கிளப் அமெரிக்கா’ ஆகிய பெரிய கிளப்புகளை வீழ்த்தி இறுதிக்குப் போனார்கள். தற்காப்பாளர்கள் காயத்தில் விழ, பிராட்லி நடுத் தற்காப்பிலும் ஆடினார். குவாதலஹாராவுடன் இரண்டு ஆட்டங்களும் சேர்ந்து சமன். பெனால்டியில் தோல்வி, அங்கேயும் அவருடைய உதை தவறியது.

அஸ்டெகா கோல் என்கிறார்களே, அது என்ன?

2017 ஜூன் 11, மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா மைதானம், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. ஆறாவது நிமிடத்தில் மெக்சிகோவின் ஒரு பாஸை நடுக்களத்தில் இடைமறித்தார். கோல்கீப்பர் ஓச்சோவா முன்னே நிற்பதைப் பார்த்து, சுமார் 40 கெஜத்திலிருந்து பந்தைத் தூக்கி அவர் தலைக்கு மேலே வலைக்குள் இறக்கினார். ஆட்டம் 1-1. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் அந்த மைதானத்தில் காற்று மெல்லியது, பந்து வழக்கத்தைவிட நீளப் பறக்கும், வளைவு குறையும். அங்கே நீளப் பந்து அடிக்கிறவர்கள் இதைக் கணக்கில் வைக்காவிட்டால் பந்து மேற்கட்டைக்கு மேலே போய்விடும்.

2018 உலகக் கோப்பைக்கு அமெரிக்கா தகுதி பெறாததற்கு அவர்தான் காரணமா?

2017 அக்டோபர் 10, டிரினிடாட் தீவின் கூவா. சமன் செய்திருந்தாலே போதும் என்ற நிலையில் அமெரிக்கா 2-1 எனத் தோற்றது. 1986க்குப் பிறகு முதல்முறையாக உலகக் கோப்பையில் இடமில்லை. கேப்டன் பிராட்லி என்பதால் கோபமெல்லாம் அவர் தலையில் இறங்கியது.

புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். பத்து ஆட்டங்களில் 12 புள்ளிகள். வெளி மைதானங்களில் ஐந்து ஆட்டங்கள், ஒரு வெற்றிகூட இல்லை, மூன்று சமன். சொந்த மண்ணில் மெக்சிகோவிடமும் (1-2) கோஸ்டா ரிகாவிடமும் (0-2) தோல்வி. கோஸ்டா ரிகாவில் 4-0 தோல்வி. பனாமாவும் ஹோண்டுராசும் 13 புள்ளிகள்தான். கடைசி நாளில் ஒரு புள்ளி கிடைத்திருந்தாலும் கோல் வித்தியாசத்தில் அமெரிக்கா மூன்றாவதாக வந்து நேரடியாகத் தகுதி பெற்றிருக்கும். ஆகவே அந்த ஓட்டை பல மாதங்களாகப் பெரிதாகிவந்தது.

அந்த இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு நாள் முன்பு ஆர்லாண்டோவில் பனாமாவை 4-0 என வென்ற அதே பதினொருவரை அரீனா மறுபடி இறக்கினார். களைப்பு ஒன்று. அதைவிட, நடுக்களத்தின் பின்பகுதியில் பிராட்லி மட்டுமே தனியாக. மைதானத்தின் அகலம் சுமார் 68 மீட்டர். நடுவில் நிற்பவர் இரு பக்கமும் முப்பது மீட்டருக்கு மேல் காக்க வேண்டும். முன்னால் இருப்பவர்கள் பந்தைப் பறிகொடுத்ததும் பாய்ந்து நெருக்கினால் இது சாத்தியம். பனாமாவுடன் அது நடந்தது. கூவாவில் நெருக்கடி வரவில்லை. எதிரணிக்குப் பக்கவாட்டில் தாராளமாக இடம் கிடைத்தது. முதல் கோல் கிராஸ் ஒன்று ஓமர் கொன்சாலெஸின் காலில் பட்டுச் சொந்தக் கோலானது. இரண்டாவது ஆல்வின் ஜோன்ஸ் வெகு தொலைவிலிருந்து அடித்தது. இரண்டாம் பாதியில் புலிசிச் ஒன்றைத் திருப்பினார், டெம்ப்சியின் ஷாட் கம்பத்தில் பட்டது.

30 வயதில் பிராட்லியின் கால்களுக்கு அந்த 68 மீட்டரைத் தனியே காக்கும் வேகம் இல்லை, இது உண்மை. அவரை அப்படித் தனியே நிறுத்தியது பயிற்சியாளரின் முடிவு, இதுவும் உண்மை. அதே ஆண்டு டொராண்டோவில் பக்கத்துக்கு ஒருவர் துணையோடு அதே வீரர் மூன்று பட்டங்கள் வென்றார். ஜூலையில் கோல்டு கோப்பை வென்ற அமெரிக்க அணியின் கேப்டனாகத் தொடரின் சிறந்த வீரர் விருதும் வாங்கியிருந்தார்.

2019 ஒப்பந்தச் சிக்கல் என்ன?

2014இல் போட்ட ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. அந்த ஆண்டு எம்.எல்.எஸ். கோப்பையை டொராண்டோ வென்றால் அது தானாகவே நீளும் என்று ஒரு பிரிவு இருப்பதாக இறுதியாட்டத்துக்கு முன் செய்தி வந்தது. சியாட்டில் 3-1 என வென்றது. அதன்பின் அவர், சம்பள உச்சவரம்புக்கு மேல் செலவிட லீக் அனுமதிக்கும் ‘டார்கெட்டட் அலோகேஷன் பணம்’ என்ற வகையில், பழைய சம்பளத்தைவிட மிகக் குறைவாகப் புதிய ஒப்பந்தம் போட்டார். கிளப்புக்கு ஒரு நட்சத்திர இடம் மிச்சமானது. அந்த இறுதியாட்டத்தில் பட்ட கணுக்கால் காயத்துக்கு 2020 தொடக்கத்தில் அறுவைச் சிகிச்சை. தேசிய அணிக்கு அவர் கடைசியாக ஆடியதும் 2019தான்.

இளம் நடுக்கள வீரர் அவரிடம் எதைக் கற்கலாம்?

மூன்று பழக்கங்கள். பந்து இன்னொருவர் காலிலிருந்து கிளம்பும் முன் ஒருமுறை, வந்துகொண்டிருக்கும்போது ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது. பக்கவாட்டில் திரும்பிய உடலோடு, தூரக் காலால் பந்தை வாங்குவது. முதல் தொடுதலிலேயே பந்தை நெருக்கடிக்கு எதிர்த்திசையில் ஒரு மீட்டர் நகர்த்துவது.

பயிற்சி எளிது. 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம், பக்கத்துக்கு ஒருவராக நால்வர், உள்ளே பந்தை வாங்கும் நடுக்கள வீரர் ஒருவர், பறிக்க இருவர். நடுவில் இருப்பவருக்கு இரண்டு தொடுதல்தான். இரண்டு நிமிடம் ஆடி ஒரு நிமிடம் ஓய்வு, ஆறு சுற்று. பந்து திரும்பத் திரும்ப வந்த பக்கமே போனால் அவர் பார்க்காமல் வாங்குகிறார் என்று பொருள். அப்போது சதுரத்தை 12 மீட்டராக்குங்கள், பறிப்பவரில் ஒருவரைக் குறையுங்கள், பழக்கம் வந்தபின் திரும்பச் சுருக்குங்கள். தொடுதலை ஒன்றாகக் குறைக்கும் அவசரம் வேண்டாம். ஒரு தொடுதலில் தள்ளிவிடுவது முடிவெடுக்காமல் தப்பிக்கும் வழியாகிவிடும்.

கற்கக் கூடாததும் ஒன்று உண்டு. முன்னிலையில் இருக்கும்போது கடைசி நிமிடங்களில் நடுவட்டத்தருகே பந்தோடு திரும்ப முயல்வது. போர்ச்சுகல் ஆட்டம் அதற்குப் பாடம்.

எப்போது ஓய்வு பெற்றார், அதன்பின் என்ன செய்தார்?

2021 இறுதியில் தந்தை பாப் டொராண்டோவின் பயிற்சியாளராக வந்தார், 2023 ஜூனில் நீக்கப்பட்டார். மைக்கேலின் கடைசிப் பருவத்தின் பெரும்பகுதி காயத்தில் போனது. 2023 அக்டோபரில் ஓய்வை அறிவித்தார். நார்வேயின் ஸ்டாபெக் கிளப்பில் தந்தைக்கு உதவியாளராகப் பணியாற்றிவிட்டு, 2025இல் நியூயார்க் ரெட் புல்ஸின் இரண்டாம் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அவர் 16 வயதில் சேர்ந்த மெட்ரோஸ்டார்ஸ்தான் 2006 முதல் ரெட் புல்ஸ்.

பழைய ஆட்டங்களில் எவற்றைப் பார்க்கலாம்?

கோல் தொகுப்புகளில் இவர் தெரிய மாட்டார், முழு ஆட்டமாகப் பாருங்கள். 2009 பிப்ரவரி 11, கொலம்பஸ், மெக்சிகோவுக்கு எதிரான 2-0. இரண்டு கோலும் அவருடையவை, முதலாவது நெருக்கத்திலிருந்து, இரண்டாவது தொலைவிலிருந்து. இளமைக்கால ஓட்டத்துக்கு அது. பிறகு 2017 எம்.எல்.எஸ். இறுதி. அதை இரண்டாம் முறை பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பத்து நிமிடம் பின்தொடருங்கள். டொராண்டோ தாக்கும்போது அவர் எதிரணியின் முன்கள வீரரிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறார், எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதே பத்து நிமிடக் கணக்கைக் கூவா ஆட்டத்தின் முதல் பாதிக்கும் எடுத்து, இரண்டிலும் அவருக்கு ஆக நெருக்கமான சக வீரர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று ஒப்பிடுங்கள்.